ஹானா மன்னித்தாளா?

ஜூலை 8, திங்கள்

பதினொன்றாம் வகுப்பு பி பிரிவில் இன்று நாவலைத் தொடங்கினேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து, ஐந்நூறு பக்கம். புத்தகத்தைத் தூக்கிக் காட்டியதும் பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். இது படமாக வந்திருக்கிறதா மிஸ் என்று அஸ்வத் கேட்டான். இல்லை என்றேன். முகம் தொங்கிவிட்டது. வருஷா வருஷம் இதே கேள்வி, இதே முகம்.

முழுதாக வாசிக்க வேண்டாம், சுருக்கத்தைக் கொடுத்தால் போதும், மிச்ச நேரத்தை நுழைவுத் தேர்வுக்கு விடுங்கள் என்று முதல்வர் கிருஷ்ணபிரசாத் சொல்லியிருக்கிறார். தலையாட்டிவிட்டு வந்தேன். முழுதாகத்தான் வாசிக்கப் போகிறேன்.

ஜூலை 19, வெள்ளி

நாவலின் நாயகி ஹானா. அவள் அண்ணன் வீட்டை விற்கிற அத்தியாயம் இன்று. அப்பா இருவருக்குமாக விட்டுப்போன வீடு. கையெழுத்துப் போடு என்கிறான், போடுகிறாள். அதற்குப் பிறகு ஊர் ஊராக, யார் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பாடம் சொல்லிக்கொடுத்தே அவள் வயசு போகிறது. வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தேன். வகுப்பில் பாதிப் பேர் டெஸ்க்குக்கு அடியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று எழுதியே ஆக வேண்டும்.

கடைசி அத்தியாயம். வேலை போய், உடம்பும் போய், ஹானா அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அவன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறாள். அவள் மன்னித்தாள் என்று ஆசிரியர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். நானும் இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்லி வருகிறேன். மன்னிப்பு, தியாகம், கிறிஸ்துவின் அன்பு. கோனார் மாதிரி எல்லா நோட்ஸிலும் அதுதான்.

ஜன்னலோரத்தில் பாண்டிமீனா கை தூக்கினாள். சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பாவுக்குக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலை. பத்தாவது வரை தமிழ் மீடியம். மதிப்பெண்ணுக்காகக் கட்டணச் சலுகையில் சேர்த்துக்கொண்டார்கள். வந்ததிலிருந்து வாய் திறந்ததில்லை. இங்கிலீஷில் ஆரம்பித்துத் தடுமாறித் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"அவ மன்னிக்கலை மிஸ். அவளுக்குப் போக எடமில்லை. எங்கிட்டுப் போவா?"

சிலர் சிரித்தார்கள். மேலே சொல் என்றேன்.

"எங்க அத்தை இப்பிடித்தான் எங்க வீட்டுக்கு வந்தாக. அண்ணனை மன்னிச்சிருச்சுன்னு ஊரே சொல்லும். அத்தை அப்பாகிட்ட இன்னும் பேசாது. சோத்தை வச்சிட்டு உள்ள போயிரும்."

அந்த அத்தியாயத்தை மறுபடி புரட்டினேன். ஹானா அண்ணனோடு ஒரு வார்த்தை பேசுகிறாளா? இல்லை. மன்னித்தேன் என்று எங்காவது சொல்கிறாளா? எங்கேயும் இல்லை. ஆசிரியர்தான் சொல்கிறார். நான் எப்படி இதைப் பார்க்கவில்லை?

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சென்னையில் ஒரு அறக்கட்டளை பள்ளி மாணவர்களுக்குப் போட்டி வைக்கிறது. பள்ளிக்கு ஒரு கட்டுரை. அது தேறினால் இறுதிச் சுற்று மேடையில். அன்றைக்கு வகுப்பில் சொன்னதை அப்படியே எழுது என்று பாண்டிமீனாவை எழுத வைத்தேன். இன்று கொடுத்தாள். இங்கிலீஷ் கரடுமுரடு. இறந்தகாலம் நிகழ்காலம் என்று காலம் மாறுகிறது, கேள்விகளில் வினைச்சொல் இடம் தப்பி நிற்கிறது. ஆனால் ஒரு வரிகூட வேறு எங்கிருந்தும் எடுத்ததில்லை. மன்னித்தாள் என்று சொன்னால்தான் படிக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள், அதனால்தான் ஆசிரியர் அப்படிச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாள். பதினாறு வயசு!

ஆகஸ்ட் 23, வெள்ளி

உட்கார்ந்து திருத்தினேன். காலம், இலக்கணம் என்றுதான் தொடங்கினேன். பிறகு சில வாக்கியங்களைச் சேர்த்துக் கட்டினேன், சில இடத்தில் நல்ல சொல்லாகப் போட்டேன். இப்போது ஜொலிக்கிறது.

டி. கல்லுப்பட்டி ஆபீசிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பெனடிக்ட் வாசித்துப் பார்த்தார். நல்லாயிருக்கு, ஆனா நீ எழுதுன மாதிரியே இருக்கு என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கை தட்டினார்கள். பாண்டிமீனா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், ஆனால் சிரித்தாள்.

செப்டம்பர் 4, புதன்

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பாண்டிமீனா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

மாணவர் எழுதியதா, கம்ப்யூட்டர் எழுதியதா என்று கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்களாம். கட்டுரையை அதில் போட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி மாணவர் எழுதியதில்லை என்று சொல்லிவிட்டது. முதல்வர் ஒரு சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்டார். விட்டுக்கொடுத்து ஒத்துப்போவது என்பதற்கு நான் போட்டிருந்த பெரிய சொல். அவளுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

அந்தச் சொல் நான் போட்டது, மொழியை மட்டும் திருத்தினேன், யோசனை முழுக்க அவளுடையது என்றேன். அவர் கோபப்படவே இல்லை. சிரித்தார்.

"அப்ப இது உங்க கட்டுரை மேடம். போன வருஷம் வரைக்கும் தமிழ் மீடியம். இப்படி யோசிக்குமா அந்தப் பொண்ணு? நீங்களே சொல்லுங்க."

யோசிக்கும் என்றேன். இங்கேயே உட்கார்த்தி எழுதச் சொல்லுங்கள், முதலில் கொடுத்த தாளைக் கொண்டுவருகிறேன் என்றேன். இன்றைக்குள் அனுப்ப வேண்டும், அஸ்வத்தின் கட்டுரை தயாராக இருக்கிறது என்றார். அஸ்வத்தின் கட்டுரையை நான் வாசித்தேன். ஹானாவின் மன்னிப்பு பெண்மையின் உச்சம் என்கிறது. நோட்ஸில் இருப்பது அப்படியே. அதை மென்பொருள் கண்டுபிடிக்கவில்லை. அவன் மாற்றி மாற்றி எழுதத் தெரிந்தவன்.

திருத்தாமல் விட்டிருக்கலாம். அந்தப் பிழைகளோடு விட்டிருந்தால் எந்த மிஷினும் அவள் எழுதவில்லை என்று சொல்லியிருக்காது. என்ன கை இது, சும்மா இருக்கத் தெரியாத கை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். கேக், பேனா, நடனம். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

கோச்சடை ஸ்டாப்பில் பாண்டிமீனா பஸ்ஸுக்கு நின்றாள். நானே பக்கத்தில் போனேன். முதல்வர் உன்மேல் எந்தக் குற்றமும் எழுதவில்லை, பயப்படாதே என்றேன். பயமில்லை மிஸ் என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அதுல எது மிஸ் என்னோடது?"

எல்லாமே உன்னுடையதுதான் என்றேன்.

"அந்த வார்த்தைக்கே எனக்கு அர்த்தம் தெரியலையே."

சோழவந்தான் பஸ் வந்தது. கூட்டத்தில் ஏறிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து பெனடிக்டிடம் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றேன். "விட்டுட்டு?" என்று மட்டும் கேட்டார். சமையலறைக்குப் போய் உலை வைத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

அஸ்வத் இறுதிச் சுற்றுக்குத் தேறிவிட்டான். அவனைத் தயார்செய்வது என் பொறுப்பு என்று சுற்றறிக்கை வந்தது. மழை. வைகையில் தண்ணீர் வருகிறது என்று வகுப்பில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். பாண்டிமீனா எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

அஸ்வத்துக்கு முதல் பரிசு.

மேடைப் பேச்சின் பதிவை முதல்வர் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். முதல் பாதி மன்னிப்பு, தியாகம். நடுவர் ஒருவர் குறுக்கே கேட்கிறார், ஹானா வேறு என்ன செய்திருக்க முடியும் என்று. அஸ்வத் மைக்கைச் சரிசெய்கிறான். பிறகு சொல்கிறான்: அவள் மன்னிக்கவே இல்லை, அவளுக்குப் போக இடமில்லை, படிக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக ஆசிரியர் அதை மன்னிப்பு என்கிறார். நடுவர்கள் கைதட்டுகிறார்கள். இந்த வயதில் இப்படி ஒரு பார்வையா என்கிறார் ஒருவர்.

சாயங்காலம் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். அது யாருடைய யோசனை என்று உனக்குத் தெரியாதா என்றேன். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நீங்க வாசிச்சதுதானே மிஸ். அது நீங்க எழுதினதுன்னு பிரின்சிபால் சாரே சொன்னாரே."

இவன் திருடனாகவாவது இருந்திருக்கலாம். நல்ல பையன்.

நவம்பர் 22, வெள்ளி

பள்ளி வாசலில் பிளக்ஸ். அஸ்வத் கோட் போட்டு நிற்கிறான். மூலையில் என் படம், வழிகாட்டிய ஆசிரியை என்று. அடையாள அட்டைக்கு எடுத்ததை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

காலைக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தேன். நடுவர்கள் பாராட்டிய கருத்து அஸ்வத்துடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, பதினொன்று பி பாண்டிமீனா சொன்னது, நான் அன்றைக்கு வகுப்பில் இருந்து கேட்டேன் என்றேன். கொஞ்சம் கைதட்டல். எதற்கும் தட்டுவார்கள். முதல்வர் மைக்கை வாங்கி, பார்த்தீர்களா, ஐரின் மேடத்தின் தன்னடக்கத்தை, பெருமையை ஒரு மாணவிக்குக் கொடுக்கிறார், இதுதான் நல்லாசிரியருக்கு அழகு என்றார். அதற்குப் பெரிய கைதட்டல்.

மதியம் ஸ்டாஃப் ரூம் வாசலில் பாண்டிமீனா வந்து நின்றாள்.

"இனிமே எம் பேரைச் சொல்லாதீங்க மிஸ். பிள்ளைக கேலி பண்றாக."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜனவரி 20, திங்கள்

அடுத்த வருஷம் நாவல் கிடையாது. சுருக்கமும் கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவுமில்லை, சண்டை போடவுமில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

ஆண்டுத் தேர்வுத் தாள்கள். நாவலில் ஒரே ஒரு பெரிய கேள்வி, எல்லாரும் எழுத வேண்டியது: ஹானாவின் முடிவைப் பற்றி உன் கருத்து என்ன?

காலையிலிருந்து திருத்துகிறேன். ஹானா மன்னிக்கவில்லை, போக இடமில்லை. அடுத்த தாள் - ஹானா மன்னிக்கவில்லை, போக இடமில்லை. ஏ பிரிவு, பி பிரிவு, எல்லாரும். பரிசு வாங்கிய பதில் அல்லவா, டியூஷனில் எழுதிப் போட்டுவிட்டார்களாம். நிம்மதியாகத் தூங்குவது பற்றிய வரிகூட ஒன்றும் மாறாமல் வருகிறது. வேதியியல் படித்த பையன்கள் அத்தனை பேரும் எழுதியிருக்கிறார்கள். முழு மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தேன்.

பாண்டிமீனாவின் தாள் கட்டின் அடியில் இருந்தது. கையெழுத்து மணிமணியாக. காலம் எங்கும் மாறவில்லை, ஒரு வினைச்சொல்லும் இடம் தப்பவில்லை. ஹானா தன் அண்ணனை முழு மனதோடு மன்னித்தாள், அவளுடைய தியாகம் பெண்மைக்கு ஒரு பாடம் என்று எழுதியிருக்கிறாள்.

அவள் ஒருத்திதான் அப்படி எழுதியிருக்கிறாள்.

அவளுக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.