நான் போடாத சாட்சிக் கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீங்கள் இரண்டு பேரும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் காலையில் கண் விழித்ததும் முதலில் நினைக்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தெருமுனையில் திரும்புகிற பஸ்ஸின் எண்ணை இங்கிருந்தே படித்துவிடுகிறார், ஆனால் சமையலறை மேடையில் இருக்கிற பிசுக்கும் அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டதால் எனக்குத்தான் தொல்லை. மாடிக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. கழுத்து வலிக்கிறது என்று சொன்னாயே, உட்கார்ந்த இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்காதே, நடுநடுவே எழுந்து நட. வாராவாரம் ஃபோனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நீ "என்னம்மா விசேஷம்" என்று கேட்டதும் "ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. கொஞ்ச நாளாகவே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் இங்கே எதுவும் நல்லாயில்லை. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் நாவல் இல்லாவிட்டால் அது நடந்தே இருக்காது, அதனால் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாவல் தமிழில் வந்ததும் பார்சலில் அனுப்பினாயே, அதில் ஒன்றை எங்கள் சலவைக் கடைக்கு எடுத்துப்போய் நான் துணி வாங்கிப் போடுகிற மேஜையில் வைத்தேன். யார் எழுதியது என்று நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் வைத்தேன், கேட்காதவர்களிடமும் நானே சொன்னேன். "என் பொண்ணு எழுதினது, வேற தேசத்துப் பையனும் நம்ம பொண்ணும் விரும்புற கதை, அவளுக்கு நடந்ததுதான், கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கா" என்று சட்டைக் கறையைக் காட்ட வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னேன். கறை போச்சோ இல்லையோ கதை கேட்காம யாரும் கடையைவிட்டுப் போகல என்று முதலாளியம்மா கிண்டல் செய்தார். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் இஸ்திரி மேஜையில் ஒரு பெண் வேலை செய்கிறாள், மூச்சு விடாமல் பேசுவதால் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் குருவி, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற ஒரு விதவையின் ஒரே மகள். அந்த அம்மா என்னை அக்கா என்று கூப்பிடுவதால் குருவிக்கு நான் பெரியம்மா. குருவி உன் புத்தகத்தை வாங்கிக்கொண்டுபோய்ப் படித்தாள், திருப்பித் தந்தாள், மறுபடி வாங்கிக்கொண்டு போனாள். பெண்ணின் அம்மா, வாசலில் தயங்கி நிற்கிற அந்தப் பையனின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே வா என்று கூப்பிடுகிற இடம் இருக்கிறதே, அதை எனக்கே வாசித்துக் காட்டி, "இது நீங்கதானே பெரியம்மா, நிஜமாவே இப்படித்தான் செஞ்சீங்களா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நிஜமாகவே அப்படித்தானே செய்தேன், நீயும் பக்கத்தில்தானே நின்றாய்.

அதற்கப்புறம் ஒருநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் குருவி என் பக்கத்தில் வந்து நின்றாள், பேசவேயில்லை. குருவி பேசாமல் நின்றால் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். எங்கள் கடைக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது, அங்கே மாவு பிசைகிறவர் எங்கேயோ தூர தேசத்துக்காரர், மொழி வேறு, கும்பிடுகிற சாமி வேறு, வெள்ளை மேலங்கியை வாரம் தவறாமல் எங்களிடம் வெளுக்கப் போடுவார். அவரும் இவளும் ரொம்ப நாளாகப் பழகுகிறார்களாம். என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. "அம்மாகிட்ட சொன்னா உசுரை விட்டுடுவேன்னு மிரட்டும், முதல்ல பதிவு பண்ணிட்டு அப்புறம் ரெண்டு பேரும் போய்க் கால்ல விழுந்துடலாம்னு இருக்கோம். சாட்சிக் கையெழுத்துப் போடப் பெரியவங்க யாராச்சும் வேணும். நீங்க போடுவீங்களா? உங்களைவிட்டா வேற யாருக்குப் புரியும்" என்றாள். நான் உடனே சரி என்றேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், கஞ்சி வாசனையும் இஸ்திரிச் சூடும் அவள் மேல் அடித்தது. அந்த நிமிஷம் நான் பொய் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னேன்.

சாயங்காலம் அவள் கிளம்பிப் போனபிறகு அவளுடைய அம்மா ஒரு கம்பளியை வாங்கிப்போக வந்தாள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துக் கால் வீங்கியிருந்தது, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். "இவ ஒருத்திக்காகத்தான்க்கா இந்தக் காலை இழுத்துக்கிட்டு ஓடுறேன், கொஞ்ச நாளா அவ முகத்துல என்னமோ ஒளிச்சு வெச்சிருக்கா, உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா" என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கம்பளியை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ரொட்டிக்கடையைக் கையால் காட்டவும் செய்தேன். பெற்றவளிடம் மறைக்கலாமா, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் குருவி வேலைக்கு வரவில்லை. அவளுடைய ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு, பஸ்ஸில் அரை நாள் தூரத்திலிருக்கிற சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

அந்த ரொட்டிக்காரர் வந்தார். கலங்கிப் போயிருந்தார், ஆனால் நான்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. மேஜைக்கு எதிரே நின்று, "குருவி எங்க, அம்மா?" என்று கேட்டார், அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் அவள் சொல்லிக்கொடுத்தது. தெரியாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். தினமும் அவளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற சின்ன ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி இஸ்திரி மேஜையில் வைத்துவிட்டு, ஆள் இல்லாத அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போனதும் முதலாளியம்மா அதைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். என் பங்கை நான் காகிதத்திலேயே வைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா எதற்கும் கோபப்பட மாட்டார் என்று உனக்குத் தெரியும், அன்றைக்கும் கோபப்படவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு உன்னை நம்பி சொன்னதா, இல்ல நம்ம பொண்ணு எழுதினதை நம்பி சொன்னதா" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஏன் சொன்னேன்? குருவிக்கு என்ன ஆகுமோ என்கிற பயத்தால் இல்லை, அந்த ஆள் நல்லவர் என்று பார்த்தாலே தெரிகிறது. அந்த வீங்கின காலைப் பார்த்ததும், என்னை மாதிரி இன்னொருத்தி ஆகப்போகிறாள் என்று நினைத்தேன். பெண்ணைத் தூரதேசத்துக்கு விட்டுவிட்டு, அவள் வீட்டில் பேசுகிற பாஷை புரியாமல், அங்கே மழையா வெயிலா என்று டிவியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு இருக்கிறவளாக. அப்படியென்றால் நான் எதை ஏற்றுக்கொண்டேன்? அன்றைக்கு நீ அழைத்துவந்தபோது வாசலில் அவருடைய பெட்டியை வாங்கினேன், உள்ளே வா என்றேன், எல்லோரும் அழுதோம், நீ அதை அப்படியே எழுதினாய். நான் நடிக்கவில்லை. ஆனால் பெட்டியை வாங்கினவளுக்குள்ளே வேறு ஒருத்தியும் இருந்திருக்கிறாள், இத்தனை வருஷமும் அவள் உன்னை விட்டுக்கொடுக்கவே இல்லை, நீ அவளைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவள்தான் அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மறுநாளே குருவியின் அம்மாவைத் தேடிப் போனேன். நான் செய்தது தப்பு, அந்தப் பையனை ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசிப் பார் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க பொண்ணு பண்ணினதை எழுதிப் புத்தகமாக்கிப் பேரு வாங்கிட்டா, நீங்களும் ஊரெல்லாம் காட்டுனீங்க. என் பொண்ணு பண்ணினதை யாரு வாங்குவாங்கக்கா, தெருவே சிரிக்கும். அன்னைக்குக் கடையில சொன்னதும் நீங்க, இன்னைக்கு வந்து கேக்குறதும் நீங்க" என்றாள். எல்லாம் நியாயம்தான். உட்காரச் சொல்லவில்லை, நின்றபடியே கேட்டுக்கொண்டேன். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன், என் தொல்லை தாங்காமலேயே கடைசியில் அவரைக் கூட்டிவரச் சொன்னாள். ரொட்டிக்காரரிடம் உண்மையைச் சொன்னபிறகுதான் கூட்டிப்போக மனசு வந்தது. நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று கையை என் மார்பில் வைத்துச் சொன்னேன். புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மேலங்கியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே நின்றார், ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. பிறகு "போகலாம் அம்மா" என்றார்.

குருவி வீட்டில் அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே, "என் பொண்ணை உங்க ஊருக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவீங்களா" என்பதுதான். அவர் பதிலே சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பாருங்கக்கா, கண்ணைப் பார்த்துப் பேச முடியல, மனசுல கள்ளம்" என்று அந்த அம்மா எழுந்தேவிட்டாள். அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்க அம்மா இல்ல. செத்துட்டாங்க. போனா, நீங்களும் வரணும். நீங்க வரலன்னா, நானும் போகல" என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்துச் சொன்னார். பெரியவர்கள் கேட்டால் சட்டென்று பதில் சொல்வதும் முகத்தைப் பார்ப்பதும் அவர்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவாம், குருவி பிறகுதான் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அது தெரியாமலேயே அந்த அம்மா மறுபடி உட்கார்ந்தாள். பிறகு, "என் பொண்ணோட எப்படித்தான் பேசுறீங்க, அவ ஒரு நிமிஷம் வாயை மூட மாட்டாளே" என்று கேட்டாள். "நான் கேக்குறேன்" என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

குருவியை அழைத்துவர அவளுடைய அம்மாவோடு நானும் பஸ் ஏறினேன், வேண்டாம் என்று சொல்லியும் போனேன். கதவைத் திறந்தவள் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், என்னைப் பார்த்ததும், "நீங்கதான் சொன்னீங்களா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பேசாமலே வந்தாள். குருவியின் அம்மாவே நாள் குறித்தாள், பதிவு அலுவலகத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். சாட்சிக் கையெழுத்துப் போடும் நேரம் வந்ததும், குருவி உன் அப்பாவைப் பார்த்து, "நீங்க போடுங்க பெரியப்பா" என்றாள். இன்னொரு கையெழுத்தை முதலாளியம்மா போட்டார். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேனாவை வாங்கினார். வெளியே வரும்போது ரொட்டிக்காரர் என் முன்னால் நின்று தலை குனிந்து கும்பிட்டார். குருவி என்னைத் தாண்டிப் போய், படியில் நின்று, திரும்பாமலே "நாளைக்குக் கடைக்கு வர்றேன்" என்றாள். வந்தாள். வேலை செய்கிறாள். எல்லோரோடும் முன்போலப் பேசுகிறாள், என்னிடம் துணி எண்ணிக்கை மட்டும் சொல்கிறாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான், கதையென்றால் நீ எழுதியிருப்பாய்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஃபோனில் பேசிவிட்டு "இரும்மா, அவர்கிட்ட தர்றேன்" என்று சொல்லும்போதெல்லாம் அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஏதாவது சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். பாஷை தெரியாததால் கூச்சம் என்று நீ நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். மாவு பிசைகிறவருக்கு இருக்கிற அளவு தமிழ்கூட அவருக்கு நீ சொல்லித்தரவில்லையே என்று உன்மேல் குறையும் பட்டிருக்கிறேன், அவருடைய பாஷையில் ஒரு வார்த்தை சொல்லிக்கொடு என்று நான் கேட்டதுண்டா. அவருக்கு இதையெல்லாம் படித்துச் சொல். மறைக்காமல் சொல். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும். நாவலில் அந்த அம்மாவை மாற்ற வேண்டாம், அவள் அப்படியே இருக்கட்டும், அவளைப் பார்த்தாவது நான் கற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அவரையே பேசச் சொல், என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவர் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாத்திரையை மறக்காதே, கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இத்தனை வருஷமாக ஃபோனிலும், இந்தக் கடிதத்தில்கூட, "அவர்" "அவர்" என்றே சொல்லி வந்திருக்கிறேன், நீயும் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. உனக்கும் என் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

உன் அம்மா