பென்சில் படாத புத்தகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்; நீ அனுப்பிய மூன்று புத்தகங்கள்தான் என் உயிரை வாங்குகின்றன.

முதல் நாவலில் கதாநாயகி ஜன்னலோரம் நின்று நாற்பது பக்கத்துக்கு மழை பார்க்கிறாள். அவளுக்கு வேறு வேலையே இல்லையா? வழக்கம்போல நீயும் ஓரத்தில் பென்சிலால், "கடைசியில அவனையே கட்டிக்கிறா, தாண்டிப் போ" என்று எழுதிக் கதையைப் போட்டு உடைத்துவிட்டாய்.

அடுத்தது கட்டுரைப் புத்தகம். அதிகாலையில் எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடுமாம். பேக்கரியில் ஆறு வருடமாக நாலு மணிக்கு மாவு பிசைகிறேன், ஒரு மண்ணும் மாறவில்லை. நீ வேறு "நல்லாக் கேட்டுக்கோ" என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறாய். அதுவும் வரிக்குக் கீழே இல்லை, எழுத்தின் மேலேயே. அந்த எரிச்சலில் கையுறை இல்லாமல் சூடான தட்டைத் தொட்டுவிட்டேன். சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே. "ரொட்டிதான்யா வேகணும், நீ வேகக் கூடாது" என்றார் மாஸ்டர்.

மூன்றாவது துப்பறியும் நாவல். அதில் ஒரு பென்சில் கோடுகூட இல்லை. கொலைகாரன் யாரென்று தெரியாமலே கடைசிப் பக்கம் வரை படித்தேன். நன்றாகவே இல்லை.

உண்மையைச் சொல், எழுத்து தெரியவில்லையா? நாளைக்கே அக்காவோடு கண் டாக்டரிடம் போ.

அடுப்பு சூடாகிவிட்டது, மாஸ்டர் கத்துகிறார். அந்த நாவலை ஒரு பென்சிலோடு திருப்பி அனுப்புகிறேன். புதுக் கண்ணாடி போட்டுப் படி. கொலைகாரன் யாரென்று முதல் பக்கத்திலேயே எழுதி அனுப்பு.

உன் மகன்