உன் படத்துக்குப் பின்னால் பூட்டிய அலமாரி

என் அருமை அண்ணாவுக்கு,

உன்னைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசுகிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி இந்தக் கடிதத்தில் நல்ல சேதி அதிகம் வராது.

காந்தி மார்க்கெட் பக்கம், புண்ணாக்குக் கடை மாடியில், மாட்டு டாக்டர்கள் நீங்களெல்லாம் சேர்ந்து சங்கத்துக்கென்று பிடித்த அறை இன்னும் இருக்கிறது. நீ போன பிறகு உன் புத்தகங்களையும் கப்பலில் வந்த பத்திரிகைகளையும் நான்தான் அங்கே கொடுத்தேன். ஜில்லாவில் வேலை பார்க்கிற எந்த டாக்டரும் வந்து புரட்டலாம், சந்தேகம் தீர்த்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். நீயும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாய்?

தேக்கில் கண்ணாடி அலமாரி செய்தார்கள். உன் போட்டோவைப் பெரிதாக்கி, அலமாரியின் இரண்டு கதவும் சேருகிற இடத்தில் குறுக்கே மாட்டினார்கள். படத் திறப்பு அன்று நானும் போயிருந்தேன். மாலையும் சந்தனமுமாக உன்னைப் பார்த்து அழுதேன். கதவைத் திறக்க வேண்டுமானால் உன்னைக் கழற்ற வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நீ அந்தப் பத்திரிகைகளைப் படித்த லட்சணம் எனக்கல்லவா தெரியும். வெயிலில் பஸ் இறங்கி வருவாய். வாசலிலேயே அம்மா மறிப்பாள். "கொல்லைப்பக்கமா வா. மாட்டு வயித்துல கைய விட்டுட்டு நேரா பெருமாள் உள்ளுக்குள்ள நுழையப் போறியா?" நீ சிரித்துக்கொண்டே, "அவரும் மாடு மேய்ச்சவர்தானேம்மா" என்பாய். கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உட்கார்வாய். பத்திரிகையின் பக்கங்கள் மடிப்பு வெட்டாமல் ஒன்றோடொன்று ஒட்டியே வரும். நான் பேனாக்கத்தியால் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க நீ படிப்பாய். கெமிஸ்ட்ரி வார்த்தை வந்தால் மட்டும் என்னைக் கேட்பாய். காலேஜில் பாடம் நடத்துகிறவள் என்ற மரியாதை எனக்குக் கிடைத்தது அந்த நேரத்தில்தான்.

ஓரத்தில் பென்சிலால் எழுதுவாய். "லால்குடியில் பலிக்கவில்லை." "இது குளிர் தேசத்து மாட்டுக்குச் சரி, நம் மாட்டிடம் ஜாக்கிரதை." எனக்கு அச்சடித்த எழுத்தைவிட அந்த ஓரங்கள்தான் பிடிக்கும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமைக் கூட்டத்தில் நீ வைத்திருந்த வழக்கமும் ஞாபகம் வருகிறது. அந்த மாதம் தன் கையில் செத்த மாடு ஒன்றைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். பிழைத்ததைச் சொல்ல ஆரம்பித்தால், "அதை வீட்ல போய்ப் பொண்டாட்டிகிட்ட சொல்லு, இங்க செத்ததைச் சொல்லு" என்று உட்கார வைத்துவிடுவாய். சொன்ன பிறகு எல்லோருமாகப் பத்திரிகைகளைப் புரட்டுவீர்கள். வேறென்ன செய்திருக்கலாம் என்று சண்டை போடுவீர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் காலேஜுக்கு என்னைத் தேடி ஒருவர் வந்தார். டாக்டர் ரஹீம். உனக்குத் தெரியாது, உனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர். சொந்த ஊர் திருச்சி, இப்போது மணப்பாறைப் பக்கம் இருக்கிறார். மரத்தடியில் நின்றுகொண்டே பேசினார்.

"பெரிய டாக்டர் புத்தகத்தை நீங்கதான் குடுத்தீங்கன்னு சொன்னாங்க. ஒண்ணு கேக்கலாங்களாம்மா? அதைப் படிக்கிறதுக்கு யார்கிட்ட உத்தரவு வாங்கணும்?"

"உத்தரவு எதுக்கு?"

அப்போதுதான் கதை வெளியே வந்தது. மணப்பாறைப் பக்கம் இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. அப்படி வாடின இளஞ்சோளத்தை மேய்ந்தால் மாட்டுக்கு விஷம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ரஹீமுக்கும் அது தெரியும். முறிவு மருந்து எது என்றும் மதராஸில் படித்தது ஞாபகம் இருந்தது. எதை முதலில் கொடுப்பது, எவ்வளவு, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் நிச்சயமாகத் தெரியவில்லை. மாடு ஒன்றும் விழுவதற்கு முன்னாலேயே, பார்த்துக் குறித்துக்கொண்டு போகலாம் என்று சங்கத்து அறைக்குப் பஸ் ஏறி வந்திருக்கிறார். எத்தனை பேர் அப்படி வருவார்கள், சொல்லு?

"அலமாரியைத் திறக்க முடியாதுன்னுட்டாங்கம்மா. சரஸ்வதி பூஜையில வச்சதாம். பூஜை சாமான்னு சொன்னதுக்கப்புறம் நான் எப்படிக் கை வைக்கறது? நல்லா இருக்காதேன்னு திரும்பிட்டேன்."

அவர் ஊர் திரும்பிய அதே வாரத்தில் ஒருவருடைய உழவு மாடுகள் ஜோடியாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு சோளத்தில் இறங்கிவிட்டன. மணப்பாறைச் சந்தையில் ஊரே வேடிக்கை பார்க்கப் பிடித்த ஜோடியாம். ரஹீம் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது இரண்டும் உயிரோடுதான் இருந்தன. அவர் கையில்தான் ஒன்றும் இல்லை. மாட்டுக்காரர் அழவில்லையாம். "நீங்க டாக்டர்தானுங்களே?" என்று மட்டும் கேட்டாராம்.

அதைச் சொல்லிவிட்டு ரஹீம் காலேஜ் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நம் வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைத்தால், மறுநாள் விடிந்ததும் அம்மா என்ன செய்வாள்? காபிகூடக் கொடுக்காமல் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக் கையில் திணிப்பாள். ஒரு பக்கமாவது வாசித்தால்தான் பூஜை முடிந்தது என்று அர்த்தம். உன் சங்கத்தார் வைக்கிற வரைக்கும் வைத்தார்கள். எடுத்துப் படிக்க மட்டும் மறந்துபோனார்கள். அங்கே இன்னும் பூஜை முடியவில்லை, அண்ணா.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை ரஹீமைக் கூட்டிக்கொண்டு அந்த மாடி ஏறினேன்.

போண்டா வாசனை கீழே புண்ணாக்குக் கடை வரைக்கும் வந்தது. மருந்துக் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் காலண்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். காமதேனு படம், அதன் காலடியில் டானிக் பாட்டில். மாடு இளைத்திருந்தாலும் அந்த டானிக், தீனி எடுக்காவிட்டாலும் அந்த டானிக், சினை பிடிக்காவிட்டாலும் அதுவேதான். எல்லோரும் தலையாட்டினார்கள். மதராஸில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்.

உனக்குப் பிறகு தலைவரான டாக்டர் சதாசிவம் எழுந்து வந்தார். "வாங்கம்மா, வாங்க. அண்ணன் படத்தைப் பாக்க வந்தீங்களா? போண்டா எடுத்துக்குங்க."

"புத்தகம் பார்க்க வந்தேன்."

"அது பத்திரமா இருக்குங்க. தூசி ஒட்ட விடறதில்ல."

"யாராவது படிக்கிறாளா?"

சிரித்தார். "அந்த இங்கிலீஷ் பத்திரிகையெல்லாம் அண்ணனுக்குத்தாங்க சரி. எங்களுக்கு எங்க நேரம்? இப்பல்லாம் கம்பெனிக்காரரே வந்து என்ன குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிடறாரு."

"ரஹீம் கேட்டப்போ ஏன் திறக்கலை?"

"பூஜையில வச்சதும்மா. சாணியும் சதையுமா வர்றோம், கண்ட கையும் அதுல படலாமா?"

கண்ட கை என்றாரே, ரஹீம் பக்கத்திலேயேதான் நின்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சதாசிவத்தின் விரல்களில் போண்டா எண்ணெய் மின்னியது. நீ சாணிக் கையோடுதான் படித்தாய், அந்தக் கறைகள் இன்னும் பக்கங்களில் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைக்கூட அவர்கள் சந்தனம் வைத்துக் கும்பிடுவார்கள் என்று தோன்றியதால் சொல்லவில்லை.

உன் கேள்வியைக் கேட்டேன். "இந்த மாசம் யார் கையில என்ன செத்துது?"

பின்னாலிருந்து ஒருத்தர், "எங்க கைல எதுவும் சாகறதில்லீங்க, எல்லாம் தாலுக்கா ஆபீஸ் காகிதத்துலதான் சாகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரஹீம் நிமிர்ந்தார்.

"என் கைல ஒரு ஜோடி செத்துதுங்க."

சொன்னார். வாடின சோளத்திலிருந்து, அந்த மாட்டுக்காரர் கேட்ட கேள்வி வரைக்கும், ஒன்று விடாமல். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் அலமாரியிடம் போய் உன் படத்தைக் கழற்றினேன்.

"அம்மா, வேணாம்மா. அபசகுனமா இருக்கு" என்றார் சதாசிவம்.

"அண்ணா செத்துப்போயிட்டான், டாக்டர். இதுக்கு மேல அவனுக்கு ஒண்ணும் ஆகாது. சாவியைக் கொடுங்கோ."

அத்தனை பேர் பார்க்கும்போது கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

உள்ளே என்ன பார்த்தேன் தெரியுமா? தூசி இல்லை, சொன்னது சரிதான். ஒவ்வொரு அட்டையிலும் காய்ந்த சந்தனம், குங்குமம். அட்டைக்குள்ளே ராமபாணப் பூச்சி. நீ எழுதிய ஓரங்களில் சிலதை அது சல்லடையாக்கியிருந்தது. கீழ்த்தட்டில், நீ போன பிறகும் சந்தா தீரும் வரைக்கும் வந்துகொண்டிருந்த இதழ்கள். ஒன்றில்கூடப் பக்கம் பிரிக்கவில்லை. ஒட்டியது ஒட்டியபடி, அவற்றுக்கும் பொட்டு.

ரஹீம் தேடிய கட்டுரை கிடைத்தது. அதன் ஓரத்தில் உன் பென்சில். அவர் உரக்க வாசித்தார். "வயிற்றுக்குள் ஊற்றுவதற்குப் போட்டோக் கடைக்காரர் படம் கழுவுகிற ஹைப்போ ஆகும். ஊசிக்கு அது ஆகாது. சோளம் வாடும்போதே வாங்கி வை. மாடு விழுந்த பிறகு தேட நேரம் இருக்காது." கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். மணப்பாறையில் அவர் குடியிருக்கிற தெருவிலேயே போட்டோ ஸ்டூடியோ இருக்கிறதாம்.

அப்போது சதாசிவம் என்ன செய்தார் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த உன் படத்தைப் பார்த்து, "பெரிய டாக்டர் பெரிய டாக்டர்தான்" என்று கும்பிட்டார். இரண்டொருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்தைப் பார்க்க மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். காலண்டரை மட்டும் மறக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இவர்களுக்காகவா அண்ணா நீ அந்த ஓரங்களில் எழுதினாய்?

உன் படத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மார்க்கெட் வாசலில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர், "சாமி படமா, ஆளு படமாம்மா?" என்று கேட்டார். "ஆள்" என்றேன். "அப்ப மடியில வச்சுக்குங்க" என்றார். காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் நீ என் மடியில்தான் இருந்தாய். அன்று உன்னிடம் ஒருத்தராவது சரியாக நடந்துகொண்டார் என்றால் அது அவர்தான்.

படம் இப்போது கிணற்றடிச் சுவரில் இருக்கிறது. மாலை கிடையாது. சாவியை நான் திருப்பித் தரவில்லை. எனக்குச் சங்கத்திலிருந்து கடிதம் வரும் என்று சதாசிவம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வரட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எல்லா முதல் சனிக்கிழமையும் அந்த மாடியில் அலமாரி திறந்திருக்கும், நானும் இருப்பேன். ரஹீம் வருகிறேன் என்றிருக்கிறார். வேறு யாரும் வராவிட்டாலும், அவர் கையில் செத்ததை அவர் சொல்வார், நான் கேட்பேன். அவர் பேசி முடிப்பதற்குள் கீழ்த்தட்டு இதழ் ஒன்றையாவது பிரித்து வைத்திருப்பேன். பேனாக்கத்தியைத் தீட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாகிவிட்டது.

இப்படிக்கு,
உனக்குப் பக்கம் பிரித்துக் கொடுக்கிற தங்கை,
வேதா
ஸ்ரீரங்கம்