கேட்டோடு கட்டிய ஜெனரேட்டர்

நவம்பர் 14, வெள்ளி. இரவு.

கையில் இன்னும் பெட்ரோல் நாற்றம். சோப்புப் போட்டும் போகவில்லை.

சாயங்காலம் மழை விட்ட கையோடு கரண்ட் போய்விட்டது. அப்பாவின் ஆக்சிஜன் மிஷினுக்கு பேட்டரி கிடையாது. ஜெனரேட்டரை கேட் ஓரம் இறக்கி, ஒயரை மாடி ஜன்னல் வழியாக இழுத்து ஓட்டினேன். அப்பாவுக்கு மூச்சு நிதானமாவதற்குள் கீழ்வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் வந்துவிட்டார்.

“இன்னா டீச்சர், காது கிழியுது. மாடிப்படிக்குக் கீழ தள்ளி கதவ சாத்துங்க. வெளிய வெச்சா எவனாவது தூக்கினு போயிடுவான்.”

“உள்ள வெச்சா புகை நேரா மேல வரும் சார். அப்பா மட்டும் இல்ல, காலையில யாருமே எழுந்திருக்க மாட்டோம்.”

“என் வூட்ல எனக்கே பாடமா? இஷ்டமில்லன்னா காலி பண்ணுங்க.”

“பண்றேன் சார். கரண்ட் வரட்டும்.”

என் பழைய சைக்கிள் சங்கிலியை எடுத்து வந்து, கேட்டின் இரண்டு கதவையும் ஜெனரேட்டரோடு சேர்த்துப் பூட்டினேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் ஏழாம் வகுப்புப் பேப்பர் திருத்தினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பாவை வைத்துக்கொண்டு வேறு வீடு... அதை இப்போது நினைக்க வேண்டாம்.

ஒன்பதரைக்கு கரண்ட் வந்தது. அப்பா தூங்குகிறார். பூட்டை நான் திறக்கவில்லை. காலை ஐந்தரைக்கு ஓனர் வாக்கிங் கிளம்புவார். கேட் திறக்க வேண்டுமென்றால் மாடியேறி வந்து என்னிடம்தான் சாவி கேட்க வேண்டும்.

கேட்கட்டும்.