நண்பகல் சோதனை

சோதனைத் தளம், மொஹாவி பாலைவனம்
ஜூலை 9, 1962

அன்புள்ள லோர்னா,

விவாகரத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம். நலம்தானே? நம் ஏவுகணையின் வெப்ப உணரி எவ்வளவு வளர்ந்துவிட்டது தெரியுமா? முதலில் எதிரி விமானத்தைப் பின்னாலிருந்து துரத்தினால்தான் அதற்குக் கண் தெரிந்தது. உணரியைக் குளிரவைத்த பிறகு பக்கவாட்டிலும் பார்த்தது. இப்போது நீ வைத்த சுழல் தட்டையும் எடுத்துவிட்டேன், எடை பாதியாகிவிட்டது. அடுத்த மாதம் விமானப்படை முன்னால் சோதனை. எந்தப் புண்ணியவானோ அதை நண்பகலில் வைத்திருக்கிறான். எங்கள் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, விடியலில் பறந்துவிட்டு வந்து பான்கேக் சாப்பிடுவோம். வாழ்த்தி எழுது.

எம்மெட்

பாசடீனா
ஜூலை 16

எம்மெட்,

அந்தப் புண்ணியவான் நான்தான். சோதனைக் குழுவுக்கு இப்போது நான் ஆலோசகர். போர் என்ன, விடியலில் மட்டும்தான் வருமா?

'நம்' உணரி என்று எழுத உனக்குக் கூசவில்லையா? காப்புரிமையில் உன் பெயர் மட்டும்தானே இருக்கிறது. காப்புரிமை கிடைத்ததற்கு வைத்த விருந்தில் கர்னல் என்னைப் பற்றிக் கேட்டபோது என்ன சொன்னாய்? "இவளா? நான் படம் வரையறப்ப காப்பி போட்டுத் தருவா சார்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

லோர்னா

சோதனைத் தளம்
ஜூலை 30

லோர்னா,

நேற்று யாருக்கும் சொல்லாமல் மதியத்தில் பறக்கவிட்டேன். எதிரே போன விமானத்தை விட்டுவிட்டு, வெயிலில் காய்ந்த மலையைப் பிடித்துக்கொண்டது. விமானி வானொலியில், "சார், மலையச் சுட்டுரவா?" என்கிறான்.

சூடான பரப்பை ஒதுக்கிவிட்டு, விமான எஞ்சின் போன்ற சூடான புள்ளியை மட்டும் பிடிக்கத்தான் அந்தத் தட்டு என்று இப்போது புரிகிறது. பழைய தட்டு புது உணரிக்குப் பொருந்தவில்லை. புதுத் தட்டில் கீற்றுகளை எப்படி வெட்ட வேண்டும்? இரண்டு வரி எழுதினால் போதும். இல்லாவிட்டால் என் பதவி போய்விடும். உன் பெயர் விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எம்மெட்

பாசடீனா
ஆகஸ்ட் 20

எம்மெட்,

அந்தப் 'பிறகு'வைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிறேன். அதனால்தான் பதில் போடவில்லை.

சோதனையன்று கூடாரத்தின் பின்வரிசையில் இருந்தேன். உன் உணரி முதலில் மலையைப் பிடித்தது, அப்புறம் சூரியனையே பிடித்தது. உன் முகம் வெளிறியதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்காக நான் வெட்கப்படப்போவதில்லை. புதிய தட்டின் வரைபடத்தை மறுநாளே விமானப்படையிடம் கொடுத்துவிட்டேன், என் பெயரில். இனி அந்த வேலை என் பொறுப்பு.

இன்னும் ஒன்று. ஏன் இப்படி ஆயிற்று என்று ஜெனரல் கேட்டதும் நீ தடுமாறி, "என் வைஃப்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்றாய்.

உனக்கு மனைவி இல்லை, எம்மெட்.

லோர்னா வாசெக்