பொங்கல் கழித்து அவிழ்த்த சாக்கு

அக்கா,

இன்று காலை மளிகைக் கடைக்காரர் புது வருஷத்துத் தினசரிக் காலண்டரைக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்ததும் அச்சு மை வாசம் குப்பென்று அடித்தது. சென்னைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்த வாசம் பட்டால் காலண்டரைத் திரும்ப உறைக்குள்ளேயே தள்ளிவிடுகிறேன். மை ஒத்துக்கொள்ளாது என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் அந்தக் கதை எடுபடாது.

திருத்தங்கல் ரோட்டில் நாம் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரே ஒரு ஏசி அறைதான். ஏசி கம்ப்யூட்டருக்கு, நமக்கில்லை. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நீங்கள் சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். நான் இருக்கன்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளும் பஸ்ஸுமாக மாறி வருவேன். வாரத்தில் ஆறு நாள் டைப் அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் பகுதிநேர பி.சி.ஏ. வகுப்பு. பார்க்கும் வேலையே செய்முறைப் பயிற்சி என்று கல்லூரி நோட்டீசில் போட்டிருந்தார்கள். முதலாளி ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் தர வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. 'டேட்டாபேஸ் பயிற்சி பெறுகிறார்கள்' என்று அவர் எழுதிக் கொடுப்பார். நாம் பெற்ற பயிற்சி, கடைப் பெயர்களையும் ராகு காலத்தையும் பிழையில்லாமல் அடிப்பது. படிக்கவும் விட்டு சம்பளமும் கொடுக்கிறேனே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். படிக்க விட்ட லட்சணம் நமக்குத்தான் தெரியும்.

உண்மையில் படித்தது நீங்கள்தான். வகுப்பில் சி மொழி நடத்திய மறுவாரமே தேதியைக் கொடுத்தால் கிழமையும் ராகு காலமும் எமகண்டமும் தானாக விழும்படி ஒரு புரோகிராம் எழுதிவிட்டீர்கள். அதுவரை நாலு பேர் ஒரு மாதம் உட்கார்ந்து அடித்துத் திருத்திய வேலை. "என் ராகு காலத்த நம்பித்தாம்லே உங்க ஊருல பொண்ணு பாக்கப் போறாக" என்று என்னைச் சீண்டுவீர்கள். ரம்ஜான் நோன்போடு உட்கார்ந்து அமாவாசையும் பிரதோஷமும் சரிபார்த்த ஆள் நீங்கள். சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை உங்களுக்காகக் காத்திருந்தது. டிகிரியைக் கொண்டுவந்து காட்டினால் மறுநாளே சேரலாம் என்று தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருந்தார். அது வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று உங்கள் அத்தாவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

கடைசிப் பரீட்சை காலண்டர் சீசனில் வந்து விழுந்தது. மற்ற தாள்களுக்கு அரை நாள் விட்ட முதலாளி, கடைசித் தாளன்று லாரியில் ஏற்ற வேண்டிய காலண்டர் லோடு நிற்கிறது, ஒருத்தர்தான் போகலாம் என்று சொல்லிவிட்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"நீ போயி எழுதுலே. நான் அடுத்த தடவ எழுதிக்கிடுதேன்" என்றீர்கள்.

ஒரு பேச்சுக்குக்கூட நான் மறுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கு டிகிரி வந்தது. உங்களுக்கு ஒரு தாள் நின்றது.

அடுத்த வருஷம் அதே சீசன். சென்னையில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொள்வதாக இருந்தது. முதலாளியிடமிருந்து அனுபவக் கடிதம் மட்டும் பாக்கி. லோடு முழுக்கப் பிழையில்லாமல் போய்ச் சேரட்டும், பிறகு தருகிறேன் என்றார். அந்த லோடு உங்கள் புரோகிராமில் ஓடியது. அதில் எங்கே கை வைக்க வேண்டும் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. டிகிரி வாங்கிய எனக்கும் தெரியாது.

சீசனில் தபால் மலையாகக் குவியும். ஆர்டர் கவரும் புரூஃப் கவரும் மேசைக்குப் போகும். மற்றதெல்லாம் ஒரு சாக்கில் விழும். அதைப் பொங்கல் கழித்துத்தான் அவிழ்ப்போம். அந்த வருஷம் தபால் பிரிப்பது என் வேலை. வந்த தேதியைக் கவர் மேல் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். வேலை பார்க்கும் இடத்து முகவரியைத்தான் கல்லூரி கேட்டிருந்தது என்பதால் உங்கள் கவர் அச்சகத்துக்கே வந்தது. ஓரம் ஒட்டாமல் இருந்தது. பிரித்துப் படித்தேன். பாடத்திட்டம் மாறுகிறது, பழைய திட்டத்தில் எழுத இதுவே கடைசி வாய்ப்பு, இன்ன தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்று இருந்தது. இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நீங்கள் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்து கொடுத்திருக்கலாம். கொடுத்தால் படிக்க லீவு கேட்பீர்கள், லோடு நிற்கும், என் கடிதம் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். கை பழக்கத்தில் தேதியைச் சிவப்பில் எழுதினேன். சாக்கில் போட்டேன். தவறிப் போய் விழவில்லை அக்கா. போட்டேன்.

பொங்கல் கழித்துச் சாக்கை அவிழ்த்தபோது அது உங்கள் கையிலேயே வந்து சேர்ந்தது. நின்றபடியே படித்தீர்கள்.

"இது எப்பம்லே வந்துச்சு?"

"தெரியலக்கா. கூட்டத்தோட கூட்டமாப் போயிருக்கும்."

என் கையெழுத்திலேயே தேதி இருந்தது. அதைப் பார்த்தீர்கள். என்னையும் பார்த்தீர்கள். கவரை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சக் கவர்களைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் திருப்பி எதையாவது சொல்லி அன்றோடு முடித்திருப்பேன். அந்த வசதியை நீங்கள் எனக்குத் தரவில்லை. மாதக் கடைசியில் நான் சென்னைக்கு ரயிலேறினேன். பள்ளிக்கூட வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்றும், உங்களுக்குக் கல்யாணம் முடிந்தது என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

இங்கே என் கம்பெனியில் வேலை பார்த்தபடி படிக்கும் பிள்ளைகள் முன்னால் வருஷா வருஷம் என்னை நிறுத்துகிறார்கள். உழைப்பும் படிப்பும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு நான் சாட்சியாம். கைதட்டுகிறார்கள். எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கும். ஆனாலும் அடுத்த வருஷம் கூப்பிட்டால் போகிறேன்.

நீங்கள் போய்விட்ட செய்தி எனக்கு நாற்பதாம் நாளும் கழிந்த பிறகுதான் தெரிந்தது. சாத்தூருக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ கொண்டுவரச் சொன்னார். அழுது தீர்ந்த குரலில் மெதுவாகப் பேசினார்.

"ஒங்களப் பத்தி நெறையச் சொல்லியிருக்கா தம்பி. அந்தப் பரீட்ச எழுத முடியாமப் போனதுல அவளவிட நீங்கதான் அம்புட்டு வருத்தப்பட்டீகளாமே."

நான் வருத்தப்பட்டதே இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். நீங்கள் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னீர்களா, என்றைக்காவது நான் வந்து அந்த நாற்காலியில் உட்காருவேன், கேட்டுத் துடிக்கட்டும் என்று சொன்னீர்களா? இரண்டில் எதுவாக இருந்தாலும் அன்று நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகள் வாசல் நிலையில் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்று தலையாட்டினேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

திரும்பப் போய் அவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாகச் சாத்தூருக்கு டிக்கெட் எடுக்கிறேன். கிளம்பும் நாளன்று காலையில் ரத்து செய்துவிடுகிறேன்.