பெயின்ட் டின்னைத் திறந்த உளி

இன்று உளியைத் தீட்டினேன். சாணைக்கல்லில் கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய். அந்த வாசனை எழுந்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள், நானா. கேட்காமல்தான். தங்கச்சியிடம் எப்போதும்போல்.

உளியின் வாயில் நீங்கள் போட்ட பொக்கை இன்னும் இருக்கிறது. நெல்மணி அளவு இருந்தது. இப்போது எள்ளளவு.

என் முதல் சம்பளத்தில் வாங்கியது. கண்டியில், ஒரு கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பலாபத்வலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். நீங்கள் தாளைப் பிரித்தீர்கள், விலையைக் கேட்டீர்கள், உம்மாவைக் கூப்பிட்டீர்கள்.

"உம்மா, இங்க வாங்க. ஒங்கட மகள் தங்கத்துல உளி வாங்கிட்டு வந்திரிக்கா."

அடுத்த முறை தம்புள்ளைக்கு மரக்கறி லொறியோடு போய்த் திரும்பியபோது என் மேசையில் ஒரு கட்டு உளியைப் போட்டீர்கள். ரப்பர் பட்டி போட்ட கட்டு.

"ரோட்டுல குவிச்சி வெச்சி விக்கிறான். இதுவும் வெட்டும். வீட்டுல ஆணி அடிக்கிற ஆளுக்கு இது போதும், புள்ள."

நான் ஆணி அடிக்க வாங்கவில்லை. என் அறைக் கதவுக்காக வாங்கினேன்.

அந்தக் கதவை மாட்டியது நீங்கள். எதற்கு மரவேலை பாஸைக் கூப்பிட்டுக் கூலி கொடுப்பது என்று. உங்கள் மட்டமான ஸ்க்ரூடிரைவர் திருகாணிகளின் தலையைத் தின்றுவிட்டது. இறுக்கவும் முடியவில்லை, கழற்றவும் வழியில்லை. கதவு தொங்கிப்போனது. நிலையோடு ஒருபோதும் பொருந்தவில்லை. ஒரு கை நுழையும் இடைவெளி. அதில் துவாயைத் தொங்கவிட்டுத்தான் உடை மாற்றினேன். பல்கலைக்கழகம் போகும்வரை. விடுமுறைக்கு வந்தபோதும்.

"குமர்ப் புள்ளைக்கு உள்ளுக்கு என்ன பூட்டு? இது என்ன ஹொஸ்டலா?"

துவாயை விலக்கிவிட்டுத்தான் இதைச் சொன்னீர்கள்.

உளி மரத்தைத் தொடும் முன்பே நீங்கள் அதைத் தொட்டீர்கள். நோன்புப் பெருநாளுக்கு முன்னறைச் சுவரில் பெயின்ட் அடிக்க வேண்டும். டின்னின் மூடி திறக்கவில்லை. என் உளியை மூடிக்கடியில் கொடுத்து நெம்பினீர்கள்.

"இரும்புதானே. இப்ப என்ன ஒடஞ்சா போச்சி?"

ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. நீங்கள் கவனிக்கவில்லை.

லொறியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி போய்விட்டீர்கள். இளம் வயது என்றார்கள். ஜனாஸாவைத் தூக்குமுன் முற்றத்தில் ஒருவர் கேட்டார்: "மௌத்தானவர் யாருக்கும் கொற செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க." முற்றம் மன்னித்தது. உள்ளே பெண்களும் மன்னித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

மதினிக்கு இத்தா தொடங்கியது. கணவனை இழந்தவர், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். முன்னறையில் ஆட்கள் வந்து போவதால் உம்மா அவருக்கு என் அறையைக் கொடுத்தார். அந்தக் கதவையும்.

ஆண்கள் துக்கம் கேட்டு வரும்போதெல்லாம் மதினி அலுமாரிக்குப் பின்னால் ஒடுங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உங்கள் மனைவி.

"பாஸைக் கூப்பிடேலாதே," என்றார் உம்மா. "ஆம்பிளய எப்பிடி அந்த ரூமுக்குள்ள உடுற?"

உளியை எடுத்தேன். சிரிப்பு வந்தது. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். முதலில் தம்புள்ளை உளியை வைத்தேன். பலாமர நிலை. சில அடிகளிலேயே வாய் மடிந்தது. அந்தக் கட்டின் அடுத்த உளியும் அப்படியே. பிறகு என்னுடையது. பொக்கையோடுதான். சீவல் சுருண்டு சுருண்டு வந்தது. உங்கள் சுத்தியல் மட்டும் பழுதில்லை. சுத்தியலுக்குக் கனம் போதும், கம்பனிப் பெயர் வேண்டாம். குறடும் அப்படித்தான். கூர் வேண்டிய இடத்தில்தான் காசைப் போட வேண்டும். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

மதினி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கட நானா கண்டா சிரிப்பாரு."

"சிரிக்கட்டும்."

பிறகு மதினி, குரலைத் தாழ்த்தி: "பாத்ரூம் கதவும் இப்பிடித்தான்."

தலை தேய்ந்த திருகாணிகளைக் கீலோடு நெம்பிப் பிடுங்கினேன். பழைய துளைகளில் மரக்குச்சி அடித்து அடைத்தேன். கீலுக்குப் புதிய பள்ளம் வெட்டினேன். கதவை மாட்டி, உட்புறம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன்.

"இப்ப பூட்டேலுமா?"

"உள்ளுக்கிருந்து, மதினி. ஒங்களுக்கு வேணும்போது."

வெளியே வந்தேன். கதவு நிலையோடு பொருந்தியது. தாழ்ப்பாள் போடும் சத்தம். இத்தனை வருடமும் நான் கேட்க நினைத்த சத்தம். உங்களுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு உள்ளே மதினி வாய்விட்டு அழுதார். உங்களுக்காகத்தான். அதற்கு என் உளியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பொக்கை விழுந்த உளி, வெட்டும் இடத்திலெல்லாம் ஒரு கோட்டை விட்டுப்போகும். புதிய பள்ளத்தின் அடியிலும் விட்டிருந்தது. விரலால் தடவினால் தட்டுப்படும் மெல்லிய மேடு. அது நீங்கள். அதன்மேல் கீலை வைத்து, நல்ல ஸ்க்ரூடிரைவரால், ஒவ்வொரு திருகாணியாக இறுக்கியிருந்தேன்.

நாளை பாத்ரூம் கதவு. அதுவும் நீங்கள் மாட்டியதுதான்.

இன்னும் கொஞ்சம் தீட்டினால் பொக்கை முழுதாகப் போய்விடும். தெரியும். எண்ணெயைத் துடைத்துவிட்டு உளியைத் தாளில் சுற்றி வைத்தேன்.